வாயைத் தொற லே

ஏழாம் வகுப்பில் நான் கிளாஸ் லீடர். பெரிய பதவிதான். வாத்தியார் இல்லாத நேரத்தில் பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதலாம், அதற்கு மேலும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போடலாம், காலையில் பிரேயரில் வரிசை கோணினால் பி.டி. சாரிடம் போய்ச் சொல்லலாம். காலை வணக்கக் கூட்டம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அது பிரேயர். சாமி பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரேயர், கொடியேற்றி மிட்டாய் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் நாளிலும் பிரேயர்.

1994. கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய ஒரு அரசுப் பள்ளி. லீடர்கள் மட்டும் வரிசைக்கு எதிர்முகமாக நிற்போம் என்பதால் எல்லார் வாயும் எனக்குத் தெரியும். ஒரு திங்கட்கிழமை, தேசிய கீதம் பாடும்போது ஒருத்தனுடைய உதடு அசையவில்லை என்று கவனித்தேன். நேராகத்தான் நின்றான். சொறியவில்லை, சிரிக்கவில்லை, முன்னால் நிற்கிறவனை முட்டியால் இடிக்கவில்லை, சொல்லப்போனால் எங்கள் வரிசையில் ஒழுங்காக நின்றவன் அவன் ஒருத்தன்தான். அடுத்த திங்களும் பார்த்தேன். உதடு அசையவில்லை. போய்ச் சொன்னேன்.

பி.டி. சார் மற்ற எல்லாரையும் வகுப்புக்கு அனுப்பிவிட்டு அவனைக் கொடிக்கம்பத்தடியில் நிறுத்தினார். சாட்சி என்பதால் நானும் நின்றேன். "வாயைத் தொற லே" என்றார். திறந்தான். "பாடு" என்றார். மூடிக்கொண்டான். பிரம்பு விழுந்தது. மறுபடி திற, மறுபடி பாடு, மறுபடி பிரம்பு. அழுதான், ஆனால் பாடவில்லை. "நாங்க பாட மாட்டோம் சார், நிப்போம்" என்று மட்டும் சொன்னான். அந்த 'நாங்க' யாரென்று எனக்கு அப்போது தெரியாது. எங்கள் ஊரில் ஆர்.சி. உண்டு, சி.எஸ்.ஐ. உண்டு, சால்வேஷன் ஆர்மி உண்டு, பெந்தெகொஸ்தே உண்டு. அவன் வீட்டார் யெகோவாவின் சாட்சிகள், பையில் புத்தகத்தோடு இரண்டிரண்டு பேராக வீடு வீடாக வருகிறவர்கள், அந்த வட்டாரத்திலேயே மொத்தம் நாலைந்து குடும்பம் இருந்திருந்தால் அதிகம்.

முப்பது வருடம் கழித்து இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. மகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒருவர், தேசிய கீதம் பாடாத பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்ப வேண்டும் என்று ஒரு பார்வர்டு போட, மளமளவென்று இருபது கட்டைவிரல் விழுந்தது. அதில் ஒன்றிரண்டு ஆசிரியர்களுடையது. 1986-லேயே உச்ச நீதிமன்றம் முடித்து வைத்த விஷயம் சார் இது, என்று தட்டெழுதி, பிறகு அழித்துவிட்டேன். வாட்ஸப்பில் நாலு வரியில் சொல்ல முடியாது. தவிர, அந்த இருபது கட்டைவிரலில் ஒன்று ஒரு காலத்தில் நான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நடந்ததைப் பெருமையாகத்தான் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டாள். திண்ணையில் மலையாளப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த பாட்டாதான், அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தாதான், கண்ணாடியைக் கழற்றினார். பாட்டா திருவிதாங்கூர் காலத்தில் மலையாளத்தில் படித்தவர். 1956 நவம்பர் 1-இல் எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், அதற்காகக் கூட்டத்துக்கெல்லாம் போயிருந்தும், பத்திரிகை மட்டும் மலையாளம்தான். "மக்களே, அந்தப் பயலை எதுக்கு அடிச்சாரு? கோட்டயத்துப் பிள்ளைகளுக்கு இதுக்குத்தான் டெல்லி கோர்ட்டு தீர்ப்பு சொல்லிச்சு" என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. நான் செய்த நல்ல காரியத்தைக் கெடுக்கிறாரே என்று இருந்தது.

அவர் சொன்ன கோட்டயத்துக் கதை கிடங்கூரில் நடந்தது. அங்கே நாயர் சர்வீஸ் சொசைட்டி நடத்தும் உயர்நிலைப் பள்ளியில் பிஜோ இம்மானுவேல் என்ற பையனும் அவனுடைய இரண்டு தங்கைகளும் படித்தார்கள். பையன் பத்தாம் வகுப்பு, தங்கைகள் ஒன்பதும் ஐந்தும். மூவரும் தினமும் பிரேயரில் நின்றார்கள், பாடவில்லை. இவர்களுக்கு முன்னால் அதே பள்ளியில் படித்த அக்காமாரும் அப்படித்தான் நின்றிருக்கிறார்கள். வருடக்கணக்கில் யாருக்கும் அது உறுத்தவில்லை. 1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் பட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவரைப் பெயர் சொல்லாமல் தேசபக்தி மிக்க ஒரு கனவான் என்கிறது, அந்த இடத்தில் நீதிபதி சிரித்துக்கொண்டே எழுதியிருப்பார் என்பது என் நம்பிக்கை. கனவான் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பினார். விசாரணைக் குழு போட்டார்கள். குழு, பிள்ளைகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள், தேசிய கீதத்தை அவமதிக்கவில்லை என்றே அறிக்கை கொடுத்தது. ஆனாலும் மேலிடத்து அதிகாரியின் சொல்படி தலைமையாசிரியை 1985 ஜூலை 26-ஆம் தேதி மூன்று பேரையும் பள்ளியை விட்டு நீக்கினார்.

கேரள உயர் நீதிமன்றம் பிள்ளைகளின் மனுவைத் தள்ளுபடி செய்தது, ஒரு முறை அல்ல, தனி நீதிபதி ஒரு முறை, அமர்வு ஒரு முறை. அமர்வு செய்த காரியம் எனக்கு வேடிக்கையாக இருக்கும். தேசிய கீதத்தின் ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தார்கள், யாருடைய மத உணர்வையும் புண்படுத்தும் சொல் எதுவும் இல்லை என்றார்கள். உண்மைதான், இல்லை. ஆனால் அந்தக் குடும்பம் பாட்டின் பொருளைப் பற்றிப் பேசவே இல்லை. எந்த நாட்டு கீதமானாலும் எங்கள் தேவனுக்குச் செய்யும் பிரார்த்தனையைத் தவிர வேறொன்றில் கலந்துகொண்டு பாட மாட்டோம் என்பதுதான் அவர்கள் பிரச்சினை. கல்யாண வீட்டில் ஒருத்தர் இன்று விரதம், சாப்பிட மாட்டேன் என்கிறார், நாம் சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று ருசித்துப் பார்த்து அவருக்குச் சான்றிதழ் கொடுக்கிறோம். அந்த மாதிரி.

உச்ச நீதிமன்றத்தில் சின்னப்ப ரெட்டி, எம்.எம்.தத் என்ற இரண்டு நீதிபதிகள். 1986 ஆகஸ்ட் 11-இல் தீர்ப்பு. அதன் எலும்பு எளிமையானது. தேசிய கீதத்தைப் பாடியே ஆக வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம், பாடுகிறவர்களை வேண்டுமென்றே தடுத்தால், கூட்டத்தைக் குலைத்தால்தான் தண்டனை என்கிறது. எழுந்து மரியாதையாக நிற்கிறவன் யாரையும் தடுக்கவில்லை. கல்வித் துறையின் சுற்றறிக்கை சட்டம் ஆகாது, அதை வைத்து 19-ஆம் பிரிவு தரும் பேச்சுரிமையையும் 25-ஆம் பிரிவு தரும் மனச்சாட்சி உரிமையையும் பறிக்க முடியாது. அப்புறம், எனக்குப் பிடித்த பகுதி. அந்த நம்பிக்கை நமக்கு அறிவுக்கு ஒத்ததாகப் படுகிறதா என்பது கேள்வியே இல்லை, அவர்கள் அதை மனதார நம்புகிறார்களா என்பதுதான் கேள்வி என்று எழுதினார் ரெட்டி. மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, தத்துவம் சகிப்பைப் போதிக்கிறது, அரசியலமைப்பு அதை நடைமுறைப்படுத்துகிறது, அதில் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்ற பொருளில் முடித்தார். பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவு. அதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

'சகிப்பு' என்ற சொல் எனக்கு அவ்வளவாக ஒட்டாது. சகித்துக்கொள்கிறேன் என்றால் நீ ஒரு தொந்தரவு, பொறுத்துப் போகிறேன் என்று அர்த்தம் வந்துவிடுகிறது. பரவாயில்லை, 1994-இல் எங்கள் பள்ளிக்கு அந்த அளவே போதுமாக இருந்தது.

ரெட்டி அந்தத் தீர்ப்பில் அமெரிக்க வழக்குகளை நிறைய எடுத்துப் பேசியிருக்கிறார். இதே யெகோவாவின் சாட்சிகள்தான் அங்கேயும். பென்சில்வேனியாவில் மைனர்ஸ்வில் என்ற ஊரில் 1935-இல் ஓர் அக்காவும் தம்பியும் கொடிக்கு வணக்கம் வைக்க மறுத்ததால் வெளியேற்றப்பட்டார்கள். 1940-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று பள்ளிக்கூடத்தின் பக்கம் நின்றது. ஐரோப்பாவில் போர், பிரான்ஸ் விழுந்துகொண்டிருந்த மாதம், தேச ஒற்றுமைதான் முக்கியம் என்று நீதிபதிகளுக்கே தோன்றிய காலம். தீர்ப்பு வந்த கையோடு ஊர் ஊராக அடிதடி. மெய்ன் மாநிலத்தில் கென்னபங்கில் அவர்களுடைய கூடத்துக்கே தீ வைத்தார்கள். நீதிபதிகளில் சிலர் பயந்துபோனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றே வருடத்தில் அதே நீதிமன்றம் தன் வாயாலேயே மாற்றிச் சொன்னது. 1943 ஜூன் 14, அவர்களுடைய கொடி நாளன்று, மேற்கு வர்ஜீனியாவின் பார்னெட் வழக்கில் ஆறுக்கு மூன்று. அரசியலிலோ தேசியத்திலோ மதத்திலோ எது சரியான கருத்து என்று விதிக்க எந்த அதிகாரிக்கும், பெரியவரானாலும் சின்னவரானாலும், உரிமை இல்லை என்று எழுதினார் ராபர்ட் ஜாக்சன். அடித்துப் பிடித்துக் கருத்தை ஒன்றாக்கினால் கிடைப்பது கல்லறைத் தோட்டத்து ஒற்றுமை என்றும் எழுதினார். இரண்டு வருடம் கழித்து நூரம்பர்கில் நாஜிகளுக்கு எதிராக வழக்கு நடத்தப் போனவரும் அவரேதான்.

இதில் ஒரு சின்ன விவரம். அதுவரை அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் கொடிக்கு வணக்கம் வைத்த விதம், வலது கையை முன்னால் நீட்டுவது. ஹிட்லர் ஆட்கள் செய்வதைப் போலவே. ஜெர்மனியில் அந்த வணக்கத்தை வைக்க மாட்டோம் என்று சிறைக்குப் போனவர்களில் இந்தச் சாட்சிகள் உண்டு. அமெரிக்காவில் 1942 டிசம்பரில் அவசரமாக அதை மாற்றி, கையை நெஞ்சில் வை என்றார்கள். ஒரு கை நீட்டல் போன மாதம் வரை தேசபக்தி, இந்த மாதத்திலிருந்து எதிரியின் சின்னம். நின்ற பிள்ளைகள் அதே பிள்ளைகள்.

பாட்டாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் இதன் சாரம் அவருக்குச் சொந்த அனுபவம். அவர் பள்ளியில் பாடியது 'வஞ்சிபூமிபதே சிரம்' என்று தொடங்கும் பாட்டு, மலையாளக் கவிஞர் உள்ளூர் எஸ்.பரமேசுவர ஐயர் எழுதியது, திருவிதாங்கூர் மகாராஜா நீடூழி வாழ்க என்பது அதன் பொருள். அங்கே ராஜாவே பத்மநாப சுவாமியின் தாசன், 1750-இல் மார்த்தாண்ட வர்மா நாட்டை எடுத்துப் பத்மநாபன் காலடியில் வைத்துவிட்டார், ஆகவே ராஜபக்தியையும் தெய்வபக்தியையும் தனித்தனியாகப் பிரிக்கவே முடியாது. பாட்டா அதை எழுபது வயதிலும் ராகத்தோடு பாடுவார், கண் கலங்கும். அவர் மகன், என் அப்பா, பள்ளியில் சேர்ந்தபோது ராஜா போய்விட்டார், 'ஜன கண மன' வந்துவிட்டது. நான் சேர்ந்தபோது தமிழ்த்தாய் வாழ்த்தும் வந்திருந்தது. ஒரே வீடு, ஒரே ஊர், ஏறக்குறைய அதே மைதானம், மூன்று தலைமுறைக்கு மூன்று பாட்டு, மூன்றும் பாடியே ஆக வேண்டியவை. "நான் பாடுனத இப்போ நீ பாடுனா உன்னையும் அடிப்பாங்க" என்று பாட்டா சிரித்தார்.

தமிழ்த்தாய் வாழ்த்தின் கதையை இந்த இடத்தில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அரசு மேடையில் கடவுளை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தமிழ்நாடு கண்டுபிடித்த விடை அது. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட நாடகத்தின் பாயிரம். அரசு விழாக்களில் ஆளுக்கொரு கடவுள் வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்ததற்குப் பதிலாகப் பொதுவாக ஒன்று வேண்டும் என்று 1970-இல் அதை எடுத்தார்கள், எம்.எஸ்.விஸ்வநாதன் மெட்டமைத்தார். எடுக்கும்போது இரண்டு இடத்தில் கத்தரி போட்டார்கள். பல உயிரும் பல உலகும் படைத்து அளித்துத் துடைக்கும் பரம்பொருளைப் பற்றிய வரிகள் போயின. ஆரியம் போல் உலக வழக்கு அழிந்து ஒழிந்து சிதையாத தமிழ் என்ற வரியும் போனது. ஒன்று சாமி, இன்னொன்று சண்டை. இரண்டையும் வெட்டிவிட்டு மீதியை வைத்துக்கொண்டது எனக்கு இன்றும் சாமர்த்தியமான வேலையாகத்தான் படுகிறது. மசூதித் தெருப் பையனும் மாதா கோயில் பையனும் கருப்புச் சட்டை வீட்டுப் பையனும் நெஞ்சு நிமிர்த்திப் பாட முடிந்தது. தமிழ் மட்டும் தெய்வம் என்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் அதையும் விட்டு வைத்தோமா? அதற்கு எழுந்து நிற்கச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு வழக்கில் சொன்னது, அதே மாதமே தமிழக அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்று ஆணை போட்டது. 55 விநாடிப் பாட்டு. நான் எழுந்து நிற்பேன், சந்தோஷமாகப் பாடுவேன். நிற்காதவனை முறைக்கும் கூட்டத்தில் என் நண்பர்களே இருக்கிறார்கள் என்பதுதான் சங்கடம். தேசிய கீதத்துக்கு ஒரு நியாயமும் தமிழ்த்தாய்க்கு இன்னொரு நியாயமும் வைத்துக்கொண்டால் எப்படி?

உறுதிமொழி இன்னொரு கூத்து. 'இந்தியா எனது நாடு, இந்தியர் அனைவரும் என் உடன் பிறந்தவர்கள்' என்று கையை நீட்டிக்கொண்டு சொல்வோமே, அதை எழுதியவர் பைடிமர்ரி வேங்கட சுப்பாராவ், விசாகப்பட்டினத்தில் கருவூல அதிகாரி, 1962-இல் தெலுங்கில் எழுதினார். நாடு முழுக்கப் பள்ளிகளில் அதைச் சொல்லத் தொடங்க வேண்டும் என்று குறித்த நாள் 1965 ஜனவரி 26. அந்தத் தேதியைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம். இந்தி மட்டுமே ஆட்சிமொழியாக வேண்டிய நாள் அது, மாணவர்கள் தெருவில் நின்ற நாட்கள் அவை. பன்முக மரபுச் சிறப்புக்குப் பெருமிதம் அடைகிறேன் என்று நாடே சொல்லத் தொடங்கிய நாளில், அந்தப் பன்முகத்தை வைத்தே இங்கே கலவரம். உறுதிமொழி சொல்லிவிட்டு வெளியே போன பையனும் சொல்லாமல் வெளியே போன பையனும் ஒரே காரணத்துக்காகத்தான் போயிருப்பார்கள்.

சரி, இது தேசம். சாமி?

அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு பளிச்சென்று பேசுகிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை அறவே கூடாது. அரசு உதவி பெறும் பள்ளியில் நடத்தலாம், ஆனால் சம்மதம் இல்லாமல், சிறு பிள்ளையானால் பெற்றவர் சம்மதம் இல்லாமல், யாரையும் அதில் உட்கார வைக்கக் கூடாது. காகிதத்தில். எங்கள் அரசுப் பள்ளியில் ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு வகுப்பும் காசு போட்டு பொரிகடலை வாங்குவோம், கரும்பலகைக்குச் சந்தனப் பொட்டு வைப்போம், சயின்ஸ் லேபில் எலும்புக்கூட்டுக்கு மாலை போடுவோம் (அதன் நெற்றியில் குங்குமம் வைத்தது நான்தான், ஏன் மறைப்பானேன்). அரசு அலுவலகங்களிலிருந்து சாமி படங்களை எடுக்கச் சொல்லி 1968-இல் அண்ணா ஆட்சியில் உத்தரவு போட்டார்கள், படம் சுவரிலிருந்து பீரோவுக்குள் போனது, வருடத்துக்கு ஒரு நாள் வெளியே வந்தது. நாங்கள் யாரும் இதை மதம் என்றே நினைக்கவில்லை. பெரும்பான்மையாக இருப்பதன் சௌகரியமே அதுதான், நம்முடையது பழக்கமாகத் தெரியும், மற்றவனுடையதுதான் மதமாகத் தெரியும். தாசில்தார் ஆபீசில் பைபிள் வைத்துப் பூசை போட்டிருந்தால் ஊர் கூடியிருக்கும்.

சர்வசமய வழிபாடு என்று ஒன்றும் உண்டு. ஒரு தேவாரம், ஒரு கிறிஸ்தவப் பாட்டு, ஒரு இஸ்லாமியப் பாட்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் எல்லாச் சாமிக்கும் கை கூப்பு என்பது, ஒரே சாமிக்குத்தான் கூப்புவேன் என்பவனுக்கும் எந்தச் சாமிக்கும் கூப்ப மாட்டேன் என்பவனுக்கும் சமரசமாகாது. எங்கள் வகுப்பில் ஒரு கருப்புச் சட்டை வீட்டுப் பையன் இருந்தான், கண்ணை மூடு என்றால் மூட மாட்டான், தூசி விழுந்த மாதிரி கசக்கிக்கொண்டே இருப்பான். நியூயார்க்கில் இதே மாதிரி எந்த மதத்தையும் சேராத ஒரு பொதுப் பிரார்த்தனையை, மொத்தமே 22 சொற்கள், கல்வித் துறையே எழுதிக் கொடுத்துப் பள்ளிகளில் சொல்லச் சொன்னது. 1962-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூடாது என்றது, பிரார்த்தனை எழுதிக் கொடுப்பது அரசாங்கத்தின் வேலையே இல்லை என்று. நம் ஊரிலும் கேந்திரிய வித்யாலயாக்களில் கண்ணை மூடிக் கை கூப்பி 'அசதோ மா சத்கமய' சொல்ல வைப்பதை எதிர்த்து ஒரு வழக்கு உண்டு, 2019 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள்.

நான் பிரித்துப் பார்க்கும் விதம் இது. பிள்ளை தானாகச் செய்வது ஒன்று, பள்ளிக்கூடம் பிள்ளையைச் செய்ய வைப்பது இன்னொன்று. திருநீறு பூசி வருகிறவன், சிலுவை போட்டு வருகிறவள், முக்காடிட்டு வருகிறவள், பரீட்சைக்கு முன்னால் கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கிறவன், இதெல்லாம் அவரவர் காரியம். மைக் பிடித்து எல்லாரும் கை கூப்புங்கள் என்றால் பேசுவது அரசாங்கம். 2024-இல் சென்னையில் அரசுப் பள்ளியில் ஒரு பேச்சாளரை அழைத்து வந்து முற்பிறவிப் பாவம், மறுபிறவி என்று பேச விட்டார்களே, அது இரண்டாவது வகை. முற்பிறவிப் பாவத்தால்தான் ஊனம் என்ற பேச்சை அங்கேயே எழுந்து நின்று கேள்வி கேட்டவர் பார்வைத் திறன் இல்லாத ஒரு தமிழாசிரியர். அந்தக் காணொளியைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மற்ற பெரியவர்கள் ஏன் எழவில்லை?

கர்நாடக ஹிஜாப் வழக்கிலும் கிடங்கூர்ப் பிள்ளைகள் வந்தார்கள். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கமாகத் தீர்ப்பு சொன்னார்களே, அதில் பெண்கள் பக்கம் நின்ற சுதான்ஷு துலியா பிஜோ இம்மானுவேல் வழக்கைத்தான் பற்றிக்கொண்டார். எனக்கு அவர் சொன்னதே சரி.

என்றாலும் என் பாகுபாடு எல்லா இடத்திலும் வேலை செய்யும் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். தெக்கத்தி மாவட்டங்களில் கையில் கட்டும் கலர் கயிறு பக்திக்காக மட்டும் கட்டுவதில்லை என்பது அங்கே வாத்தியார் வேலை பார்க்கிற எவருக்கும் தெரியும். இந்த நிறம் இந்தச் சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பையனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடுக்கப் பரிந்துரைத்தது. கயிற்றைக் கழற்றச் சொல்வது எனக்குப் புரிகிறது. நெற்றியை ஏன் துடைக்க வேண்டும் என்பது புரியவில்லை. ஆனால் ஒரு ஆசிரியத் தோழி, "நெத்தியிலயும் கணக்கு இருக்குண்ணா, உங்களுக்குத் தெரியாது" என்கிறார். இருக்கலாம். எங்கள் பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் தீண்டாமை ஒரு பாவச்செயல் என்று அச்சிட்டிருக்கும். உறுதிமொழியில் எல்லாரும் உடன் பிறந்தவர்கள். தினமும் சத்தமாகச் சொன்னவர்கள்தான் அரிவாளும் எடுத்தார்கள்.

வாயை வைத்து மனதை அளப்பதில் இதுதான் தொல்லை. 2017-இல் ஆசிரியர் தேர்வில் ஒரு மதிப்பெண்ணில் வாய்ப்பை இழந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். வந்தே மாதரம் முதலில் எழுதப்பட்ட மொழி எது என்ற கேள்விக்கு வங்காளம் என்று எழுதியிருந்தார், அவருக்கு அந்த மதிப்பெண் வேண்டும், அவ்வளவுதான். நீதிபதி அதையும் கொடுத்தார், கூடவே தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வாரம் ஒரு முறை வந்தே மாதரம் பாட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். யாரும் கேட்காதது. ஆனால் அதிலும், தகுந்த காரணம் உள்ளவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு வரி உண்டு. பேப்பரில் தலைப்பு ஆனது முதல் வரி.

என் வகுப்புப் பையனுக்கு வருகிறேன். அடி வாங்கிய மறுநாள் அவன் அப்பா வந்தார், வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பை. கத்தவில்லை. தலைமையாசிரியரிடம் தீர்ப்பின் ஜெராக்ஸ் கொடுத்தார். எட்மாஸ்டர் அதை மெதுவாகப் படித்தார், பி.டி. சாரைக் கூப்பிட்டார், கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு அவன்மேல் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் பிரேயருக்கும் வர வேண்டாம், நாலு பேர் பார்த்தால் கேட்பார்கள், நீ கிளாசிலேயே இருந்துகொள் என்று சொல்லிவிட்டார்கள். கூட்டத்தோடு நிற்க அவனுக்கு உரிமை உண்டு என்றுதான் அந்த ஜெராக்ஸ் சொன்னது. பள்ளிக்கூடம் அவனை ஒளித்து வைத்தது. வருடம் முடிந்ததும் டி.சி. வாங்கிப் போய்விட்டான். என்னோடு அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் டி.சி. வாங்கிப் போவதற்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, பிரேயர் முடியும் நேரத்தில் பி.டி. சார் விசில் எடுத்து வரச் சொல்லி என்னை ஸ்டாஃப் ரூமுக்கு அனுப்பினார். விசிலோடு திரும்பி வரும்போது மைதானத்தில் தேசிய கீதம் தொடங்கிவிட்டது. நான் வராண்டாவில், யாரும் பார்க்க முடியாத இடத்தில், எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு நேராக. ஓடி வந்த மூச்சிரைப்பு வேறு, தூணில் சாய்ந்துகொண்டேன். பாடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், காலி பெஞ்சுகளுக்கு நடுவில் அவன் மட்டும் எழுந்து, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, நேராக நின்றுகொண்டிருந்தான்.